தங்கள் தோளில் விழுந்தது பல்லி அல்ல

பூஞ்சேரி கூட்டுரோடு,
சனிக்கிழமை, காலை 9.15.

மதுராந்தகம் நெல் மண்டி உரிமையாளர் உயர்திரு வெங்கடேசன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற பேருந்துப் பணிமனை நேரக் காப்பாளர் காசிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்பது இன்னும் தங்கள் கையில் இருப்பதால் பெயரையே எழுதியிருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். இங்கு நான், என் மனைவி விஜயகுமாரி, மகள் சங்கரி மூவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் நலத்தையும், புதல்வர் தமிழ்வாணன் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் வலது தோளின் நலத்தையும் அறிய ஆவலாக உள்ளோம். போனிலேயே கேட்டிருக்கலாம். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் தாங்கள் வெளியே போயிருப்பதாகத் தாங்களே எடுத்துச் சொன்னீர்கள். ஆகவே கடிதம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததை, தரகு பேசும் எல்லம்மாள் அக்கா தங்களிடம் ஒரு விதமாகவும் எங்களிடம் வேறு விதமாகவும் சொல்லி வருவதால், நேரவாரியாக எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதிய கை இது, கூட்டிச் சொல்லத் தெரியாது. 10.35க்குத் தாங்கள் ஏழு பேர் வந்து இறங்கினீர்கள். 10.40க்குக் கூடத்தில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியை மின்விசிறிக்குப் பக்கத்தில், பரணுக்கு நேர் கீழே தங்களுக்குப் போட்டோம். மரியாதைக்காகத்தான் அந்த இடம், வேறு நோக்கம் கிடையாது. 10.52க்குக் கரண்ட் போனது. 10.58க்குக் கேசரி வந்தது. 11.05க்குச் சங்கரி காபித் தட்டோடு வந்தாள். 11.06க்குக் கரண்ட் திரும்பி வந்தது, விசிறி ஒரு உதறு உதறிச் சுழன்றது, அந்தக் காற்றில் மிரண்டு பரணிலிருந்து அந்தப் பிராணி விழுந்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை நான்கடி, பச்சை நிறம், முதுகில் சீப்புப் பல் போல ஒரு வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல். முன்னங்கால்கள் தங்கள் தலையின் வலப்பக்கத்திலும், வயிறு கழுத்திலும் தோளிலும், பின்னங்கால்கள் முதுகிலும், வால் கேசரியிலும் இறங்கின. தாங்கள் அப்போது சொன்ன வார்த்தையை இங்கே எழுதவில்லை. 11.07க்குச் சங்கரி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் அதைப் பதமாகத் தூக்கி, முந்தானையால் மூடி, "பயப்படாத, ஒண்ணும் இல்ல" என்றாள். தங்களிடம் சொல்கிறாள் என்று நினைத்துத் தாங்கள் தலையாட்டினீர்கள். அவள் அதனிடம் சொன்னாள் என்பதை நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். தங்கள் துணைவியார், "பொண்ணுக்கு இதெல்லாம் பயக்கமா?" என்று கேட்டார். "இல்லீங்க, இன்னிக்குத்தான் மொத மொற" என்றாள் விஜயகுமாரி. 11.20க்குத் தாங்கள் கிளம்பிவிட்டீர்கள். மீந்த போண்டாவை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை எல்லம்மாள் அக்கா வந்தார். "அவரு பஞ்சாங்கத்த வெச்சினு குந்திகினு கீறாரு. பல்லி வலப்பக்கத் தலையில வுயுந்தா கலகம்னு போட்டுகீதாம். கல்யாணப் பேச்சு எட்த்த எடத்துல கலகமான்னு கேக்குறாரு. ஒரு தெளிவு கெடைக்கிற வரிக்கும் மேல பேச வாணாம்ன்றாரு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கேசரியை வாங்கிக்கொண்டு போனார். ஐயா, சங்கரிக்கு வயது இருபத்தொன்பது. வந்த ஜாதகங்களில் தங்களுடையது பதினொன்றாவது. சிறுசேரியில் தங்கள் மகனுக்கும் இவளுக்கும் எதிரெதிர் அலுவலகம் என்பதால் போன மாதம் இருவரும் ஒரு காபி குடித்துப் பேசினார்கள். வீட்டுக்கு வந்தவள், "பரவாயில்லப்பா" என்றாள். முந்தைய பத்து ஜாதகங்களில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. ஆகவே இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. இதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பிராணி எங்கள் பரணில் ஏன் இருந்தது என்று தாங்கள் கேட்பது நியாயம். வீட்டின் முன்பக்கக் கடையை இரண்டு வருடமாகத் தர்மராஜ் என்பவருக்கு விட்டிருக்கிறேன். வரும்போது மீன் கடை என்றார், வறுக்கிற மீன் அல்ல, தொட்டி மீன். பிறகு லவ் பேர்ட்ஸ் வந்தது. மகாபலிபுரம் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஜனங்கள் மீனுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் காரை நிறுத்துவதில்லை என்று கண்டுபிடித்த பிறகு, பலகையில் 'எக்சாட்டிக்', அதாவது அபூர்வ வெளிநாட்டு வகை, என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். இப்போது இறக்கை நுனி வெட்டிய மஞ்சள் கிளிகள் நான்கு இருக்கின்றன. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று சுருண்டிருக்கிறது. அணில் மாதிரி, பெரிய கண்ணோடு ஒன்று இருக்கிறது. அது பகலில் தூங்குகிற ஜாதியாம். கஸ்டமர் வருவது பகலில் என்பதால் கூண்டைத் தட்டித் தட்டி அதைப் பகல் முழுக்க விழிக்க வைத்திருக்கிறார்கள். தங்கள் மேல் விழுந்தது இகுவானா, இலை தின்னும் பெரிய ஓணான் ஜாதி. நான்கடிப் பிராணிக்கு மூன்றடிக் கண்ணாடிப் பெட்டி, மீதி ஓரடியை அது மடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி இருப்பது அதற்கு இன்னும் புரியவில்லை, முட்டி முட்டி மூக்கு புண்ணாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியே எடுத்து, வருகிறவர்கள் தோளில் போட்டு போட்டோ எடுக்க விடுவார்கள். அன்றும் அப்படி எடுத்த நேரத்தில்தான் கரண்ட் போனது. இருட்டில் அலமாரி மேல் ஏறி, கடைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் இருக்கும் காற்றோட்ட ஓட்டை வழியாக எங்கள் பரணுக்கு வந்துவிட்டது.

இதில் என் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். கட்டடம் என்னுடையது, பிராணிகள் தர்மராஜுடையவை. வண்டியில் ஏறுகிறவர் எதற்காக எந்த ஊருக்குப் போகிறார் என்று நேரக் காப்பாளர் கேட்பதில்லை, வண்டி நேரத்துக்குப் போனதா என்று மட்டும்தான் பார்ப்பார். நானும் அப்படித்தான் இருந்து வருகிறேன். சங்கரி இதை ஒத்துக்கொள்வதில்லை. "செவுரு நம்முதுப்பா. அந்தப் பக்கம் அது மூஞ்சிய இடிச்சிக்கினு இருக்கு, இந்தப் பக்கம் நாம டிவி பாத்துக்கினு இருக்கோம்" என்பாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒருமுறை, அக்ரிமெண்ட் பங்குனி வரை இருக்கிறது என்றேன். "அது வரைக்கும் அது மூக்கு இருக்குமா?" என்றாள். மூக்கைப் பற்றி அக்ரிமெண்டில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று விஜயகுமாரி 'மொத மொற' என்று சொன்னது உண்மை அல்ல. தர்மராஜ் அதற்குப் போடுவது முட்டைக்கோசின் மேல் இலை. சங்கரி ஒரு வருடமாகத் தினமும் காலை 6.50க்கு, ஆபீஸ் கேப் வருவதற்கு முன்னால், பின்பக்கத்து முருங்கையில் ஒரு கொத்தும் செம்பருத்தியில் நான்கு பூவும் பறித்துக்கொண்டு போய் அதற்கு ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். இதை ஒரு கெட்ட பழக்கமாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்போனில் ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பல்லி ஓரிடத்தில் விழும் என்ற எண்ணத்தில்தான் பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் பார்த்தேன். வலப்பக்கத் தலை கலகம், வலப்பக்கக் கழுத்து பகை, தோள் வெற்றி, வலப்பக்க முதுகு நஷ்டம். அப்படியானால் அந்த ஒரே நொடியில் தங்களுக்குக் கலகம், பகை, வெற்றி, நஷ்டம் நான்கும் சேர்ந்து வர வேண்டும். மண்டி நடத்துகிறவருக்கு அது எல்லா நாளும் நடக்கிறதுதானே என்று விஜயகுமாரி கேட்கிறாள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். கேசரிக்குப் பலன் போடவே இல்லை. ஆகவே இது பல்லிக் கணக்கில் வராது என்பது என் துணிவு. இருந்தாலும் என் துணிவு தங்களுக்குப் போதாது என்பதால் புதன்கிழமை திருக்கழுக்குன்றம் போய், தெரிந்த குருக்கள் ஒருவரிடம் செல்போனில் எடுத்த அந்தப் பிராணியின் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம சாஸ்திரம் நம்ம மண்ணுல பொறந்த ஜந்துவுக்குத்தான் ஸார். அந்நிய தேசத்து ஜந்து வந்து விழுந்தா அது விபத்து, சகுனம் இல்லே. எங்கே பொறந்ததுன்னு ஒரு ஆதாரம் வாங்கிக் குடுத்துட்டா அவாளுக்கும் திருப்தியா இருக்கும்" என்றார். இறங்கி வரும்போது பாதி கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் தர்மராஜ் ஒவ்வொரு கஸ்டமரிடமும், "டைரக்டா ஃபாரின் காட்லேர்ந்து வந்தது சார்" என்று சொல்வதை நான் இரண்டு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை போய், அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். "இன்னா ஓனர் சார், நீங்களே இப்டி கேக்குறீங்க. ஃபாரின்றது கஸ்டமருக்குச் சொல்றது. பேப்பர்ல அது இங்கியேதான் பொறந்துகீது. ஃபாரின்னு எயுதிக் குட்த்தா நாளிக்கே ஃபாரஸ்ட் ஆளுங்க வந்து ரெண்டு பேரையும் இட்டுகினு பூடுவாங்க" என்றார். எந்த இரண்டு பேர் என்று கேட்டேன். "நானும் நீங்களும். எடம் உங்குள்துதான?" என்றார். பிறகு ஒரு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். மேற்படி பிராணி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு பண்ணையில் முட்டையிலிருந்து வெளிவந்தது என்று அதில் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது. தேதி பிப்ரவரி முப்பது.

ஆகவே என் நிலைமையைத் தாங்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது வெளிநாட்டில் பிறந்தது என்றால் தங்களுக்குத் தோஷம் இல்லை, எனக்கு வனத்துறை. உள்ளூரில் பிறந்தது என்றால் எனக்கு வனத்துறை இல்லை, தங்களுக்குக் கலகம், பகை, நஷ்டம். எது உண்மை என்று சங்கரியிடமே கேட்டேன், அதோடு பழகுகிறவள் அவள்தான். "ஃபாரின்ல புடிச்சிருந்தா அது திருடினது. இங்க பொறந்திருந்தா அது வெயிலையே பாக்காதது. இதுல எது நல்லதுன்னு அவங்களுக்கு எழுதப்போற?" என்றாள். கல்யாணப் பேச்சுக்கு இந்தப் பதில் உதவாது என்பதால், ஜெராக்ஸையும் அனுப்பியிருக்கிறேன், வெளிநாட்டுப் பிராணி என்று என் கைப்பட எழுதிய தாளையும் இணைத்திருக்கிறேன். தங்களுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடவும்.

இரண்டிலும் திருப்தி வராவிட்டால் கடைசி வழியாக ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் எந்தப் பல்லி தோஷமும் போய்விடும் என்பது தாங்கள் அறியாதது அல்ல. நான் வேன் ஏற்பாடு செய்கிறேன். தலை, கழுத்து, தோள், முதுகு என்று தாங்கள் நான்கு முறை தொட்டுவிடலாம், வரிசையில் பின்னால் இருப்பவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். நடுச்சுவர் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தாகிவிட்டது. இனிமேல் அந்தப் பக்கத்துப் பிராணி எதுவும் இந்தப் பக்கம் வராது. அந்தக் கடைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். ஒரு வெளியூர்ப் பிராணி கால் தவறியதற்காக இரண்டு நல்ல குடும்பங்கள் விலகிப் போக வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். தமிழ்வாணனுக்கு ஆசிகள். தங்கள் மண்டியில் நெல்லும் வீட்டில் நல்ல பேச்சும் குறையாமல் இருக்க வேண்டுகிறேன். தை பிறப்பதற்குள் ஒரு வார்த்தை வந்தால் மண்டபம் பார்க்கச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
காசிநாதன்

பின்குறிப்பு, அதே நாள், பகல் 2.10.

உறையை ஒட்டுவதற்கு முன் 11.25க்குத் தங்கள் புதல்வர் தமிழ்வாணன் பைக்கில் வந்தார். தங்களிடம் சொல்லாமல் வந்ததாகச் சொன்னார், ஆகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரே கடைக்குப் போய் அந்த இகுவானாவை விலைக்கு வாங்கி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே சிவப்பு ரிப்பன் கட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். "அன்னிக்கு நீங்க அதைத் தூக்கினத பாத்தேன். உங்களுக்குப் புடிக்கும்னு தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம ஹால்ல பெரிய டேங்கா வெச்சி, லைட்லாம் போட்டுடலாம்" என்று சங்கரியிடம் சொன்னார். நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விஜயகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கரி ரிப்பனை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எவ்ளோ வருஷம் இருக்கும்னு கேட்டீங்களா?" என்றாள். "ரெண்டு மூணு வருஷம் இருக்குமா?" என்றார். "இருபது" என்றாள். "இருபதா?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, கலகமும் இல்லை. ஆனால் அந்த "இருபதா"வைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கடைசி வண்டி போய்விட்டது என்று சொன்னதும் பயணிகளுக்கு வருமே, அந்த முகம். சங்கரியும் பார்த்தாள். அந்த நேரத்தில் தர்மராஜ் சந்தோஷமாக வாசலில் வந்து நின்று, "சார் புண்ணியத்துல பொட்டி காலியாச்சி. எடம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு இப்பத்தான் போன் போட்டேன். செவ்வாக்கெயம ரெண்டு வருது" என்றார். சங்கரி தமிழ்வாணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தர்மராஜிடம் குரல் உயர்த்தி, இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்யச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நானே சொல்லலாம்னு கீறேன் சார். கேளம்பாக்கத்துல இத்தவிடப் பெரிய எடம் பாத்து வெச்சிகீறேன்" என்றார்.

12.30க்குத் தமிழ்வாணன் கிளம்பினார். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு சங்கரி, "வேணாம்பா" என்றாள். ஆகவே தங்கள் புதல்வரின் ஜாதகத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே நான் எழுதிய அனைத்தையும், முக்கியமாகக் கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்ற வரியை, அடித்துவிட்டதாகக் கொள்ளவும். காஞ்சிபுரத்துக்குத் தாங்களே போய் வரவும்.

பிராணி இப்போது பின்கட்டு ஜன்னலில், வெயிலில் கிடக்கிறது. முழு நான்கடியும் நீட்டிப் படுத்திருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். அதற்கு வயது நான்கு என்கிறார்கள், எனக்கு அறுபத்தாறு. கணக்குப் போட்டால் நான் போன பிறகும் அது இருக்கக்கூடும். சங்கரியிடம் சொன்னேன். "நான் இருக்கேன்ல" என்றாள். ஆகவே பன்னிரண்டாவது ஜாதகம் வரும்போது இதையும் முதலிலேயே சொல்லித்தான் பேச வேண்டும். தங்கள் சுற்றத்தில், இருபது என்று சொன்னால் முகம் மாறாத பையன் யாராவது இருந்தால் எல்லம்மாள் அக்காவிடம் சொல்லி அனுப்பவும்.